பாதி திறந்த கதவு

எங்கள் தெருப் பையன் ஒருவன் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறான். லீவில் இரும்புலியூர் வந்தவன் பெருமையாகச் சொன்னான்: "தாத்தா, தண்ணீர் புகாத கதவு முழுசாத் திறக்கிற வரைக்கும் யாரு நிப்பாங்க? பாதி திறந்ததுமே ஒருக்களிச்சுப் புகுந்துடுவோம்." சண்டை பிடித்தேன். இங்கேயும் பிடிக்கிறேன்.

அது ஹைட்ராலிக் கதவு. நடுவில் இருப்பது கையா, மூட்டையா என்று பார்க்காது. மாலுமி மேடையில் 'மூடு' என்று வைத்துவிட்டால், கைப்பிடியை விட்டதும் தானே மூடிக்கொள்ளும். முழுசாகத் திற, வெறுங்கையோடு போ, இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டே தாண்டு, உடனே மூடு. அவ்வளவுதான். மூடுவதற்கு 20 முதல் 40 நொடி என்பது சர்வதேச விதி. பைபாஸ் ஏற ஜி.எஸ்.டி. ரோட்டில் நாம் நிற்காத 20 நொடியா?

"வேலை நடக்கணுமே" என்கிறான். விரட்டுகிற மேலதிகாரிகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். தடுப்புச்சுவர் எதற்கு? ஓர் அறையில் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாமல் இருக்க. கதவு திறந்து கிடந்தால் அது சுவரே இல்லை.

எல்லோரும் டைட்டானிக்கையே பேசுகிறார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு கியூபெக் ஞாபகம் வருகிறது. 1914 மே 29, செயின்ட் லாரன்ஸ் ஆற்று மூடுபனியில் 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' மீது நிலக்கரிக் கப்பல் மோதியது. உயிர்ப்படகு போதிய அளவு இருந்தது, சுவர்களும் இருந்தன. கதவுகளைக் கையால் சுற்றி மூட வேண்டும். நேரம் கிடைக்கவில்லை. 14 நிமிடத்தில் முழுகியது. 1,000 பேருக்கு மேல் போனார்கள்.

பையன் அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறான். அவன் அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை.