இரண்டு மாத்திரை

சென்ற மாதம் இருமல் மருந்து வாங்குவதற்காக ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடி வந்தான். அவன் கையில் பழைய மாத்திரை அட்டையின் கிழிந்த துண்டு. "அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. இதுலே ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான். கடைக்காரர் பார்த்தார், கத்தரித்தார், கொடுத்தார். இம்மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். எனினும் அவர் சீட்டைக் கேட்கவில்லை. தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று விசாரிக்கவும் இல்லை.

குருவானவர் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அந்தத் தாய் தாமே மருத்துவரிடம் செல்லாமல் மகனைக் கடைக்கு அனுப்பியதற்குக் கைக்காசின் குறைவோடு இத்தகைய முகச்சுளிப்புக்கு அஞ்சிய கூச்சமும் காரணமன்றோ?

பெண்ணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆணுக்கோ 20 சென்டிமீட்டர். குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் நுண்கிருமி இக்குறுகிய வழியே சிறுநீர்ப்பைக்கு எளிதில் ஏறிவிடுகிறது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொல்லைக்கு ஆளாகின்றனர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிற்க. அந்த அட்டைத் துண்டு சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரையினுடையது. ஒரு காலத்தில் நன்கு பயன்பட்ட மருந்துதான். ஆனால் நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் திரட்டிவரும் கணக்குகளின்படி, ஈ.கோலைக் கிருமிகளுள் பெரும்பாலானவை இன்று அதற்கு அசைவதில்லை. தசைநாண்களுக்கும் நரம்புகளுக்கும் அது இழைக்கக்கூடிய கேட்டைக் கருதி, வேறு மருந்து இருக்கையில் சாதாரண நீர்க்கடுப்புக்கு இவ்வகை மருந்துகளைத் தரவேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் அறிவுறுத்தியது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையிலேயே இதை முன்னுரைத்தார்: எவரும் கடையில் மருந்து வாங்கும் காலம் வரலாம், அறியாதவர் குறைந்த அளவில் உட்கொண்டு, கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவர் என்று.

சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்கு இன்று மருத்துவர்கள் பெரிதும் எழுதித் தருவது நைட்ரோஃபுராண்டாயின். வழக்கமாக 5 நாள். அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம், ஒரே வேளை. ஆகவே நெடுநாள் மருந்து என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை கண்டால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது இம்மருந்துகள் போதா. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கருவுற்ற தாய்மாருக்கோ தொந்தரவு ஏதுமின்றிச் சிறுநீரில் கிருமி தென்பட்டாலும் சிகிச்சை தேவை. வயது முதிர்ந்த பெண்களின் நிலை வேறு. எரிச்சலோ கடுப்போ இல்லாதபோது, பரிசோதனைச் சீட்டில் கிருமி என்று எழுதியிருப்பதற்காக மட்டும் அவர்களுக்கு மருந்து கொடுப்பது பொதுவாக வேண்டாத செயல். அடிக்கடி திரும்பி வரும் தொற்றாயின், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பதே முறை. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

தண்ணீரின் பயனையும் சொல்லவேண்டும். குறைவாகத் தண்ணீர் அருந்தும் வழக்கமுடைய, அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான 140 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாக அருந்தியவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதை அந்தச் சிறுவனிடம் சொல்லியனுப்ப எண்ணி, "அம்மா நிறையத் தண்ணீர் குடிப்பார்களா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போற அன்னைக்குக் குடிக்கமாட்டாங்க சாமி" என்றான். ஜவுளிக் கடையில் வேலையாம். காலையில் போனால் இரவுதான் திரும்புவாராம். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.