கேட்டால் போதுமா? போட்டுப் பார்க்க வேண்டாமா?



மும்பை தாராவியின் ஒற்றை அறை வீடானாலும், பெங்களூரு அல்சூரின் மாடி வீடானாலும், டெல்லியிலோ புனேயிலோ நம்மவர்கள் வாடகைக்குக் குடியிருக்கிற வீடானாலும், இரவு உணவுக்குப் பின் இன்று ஒரே விதமான காட்சியைக் காண்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கிற பிள்ளை செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து இயற்பியல் வீடியோ பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாயும் தகப்பனும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளை படிக்கிறது என்ற ஆறுதல் அவர்கள் முகத்தில் தெரிகிறது.

பாடம் முடிந்தபின், "புரிந்ததா?" என்று கேட்டால், "நன்றாகப் புரிந்தது" என்று பிள்ளை சொல்லுகிறது. அது பொய்யல்ல, புரிந்ததாகவே பிள்ளை நம்புகிறது. ஆனாலும் தேர்வுத்தாள் வரும்போது மதிப்பெண் மிகவும் குறைந்திருக்கிறது. "விளையாட்டுப் புத்தி" என்று தகப்பன் கோபிக்கிறார். "எனக்கு இயற்பியல் வராது" என்று பிள்ளை தன்னைக்குறித்துத் தீர்ப்பு எழுதிக்கொள்ளுகிறது. தகப்பனுடைய கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும். பிள்ளை தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்போ தணிகிறதில்லை. பதினாறு வயதில் இயற்பியலை வெறுத்தால், பொறியியலும் மருத்துவமும் இன்னும் அநேகம் தொழிற்படிப்புகளும் தூரமாகிவிடும். ஆகையால் இந்த மாதம் இதைக்குறித்துச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

நம் கைக்கு எட்டியிருக்கிற வசதி

முதலாவது, நல்லதை நல்லதென்று சொல்லவேண்டும். நம் நாட்டின் 7 ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் எழுதி நடத்திய இயற்பியல் விரிவுரைகளை இன்று கல்லூரி மாணவர் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்ற ஆர். சங்கர், பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவர் அங்கே நடத்திய அடிப்படை இயற்பியல் வகுப்பு 2006-ல் பதிவு செய்யப்பட்டு, பயிற்சிக் கணக்குகளோடும் விடைகளோடும் இணையத்தில் வைக்கப்பட்டது. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும், எக்ஸெம்ப்ளர் என்னும் பயிற்சிக் கணக்கு நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு தலைமுறைக்கு முன், பெரிய கல்லூரியின் வாசலைத் தாண்டினவர்களுக்கு மாத்திரமே கிடைத்த போதனை இது. இன்று தச்சுவேலை செய்கிறவரின் மகளுக்கும், இட்லிக் கடை வைத்திருக்கிறவரின் மகனுக்கும் அது கையிலிருக்கிறது. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துக்கு இது சிறிய காரியமல்ல.

அப்படியானால், தவறு எங்கே நேருகிறது?

புரிந்தது போன்ற உணர்வு

சபையில் கீபோர்டு வாசிக்கிற தம்பியைப் பத்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறோம். எந்தப் பாட்டுக்கு எந்த ராகம் என்பதுகூட நம் காதுக்குத் தெரியும். ஆனாலும் நம்மை அந்த ஆசனத்தில் உட்காரவைத்தால் விரல் அசையுமா? அசையாது. கேட்ட காது வேறு, பழகின விரல் வேறு. இயற்பியலும் அப்படியே.

நல்ல ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடும்போது, ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தின வரியிலிருந்து தானாக வருகிறதுபோல் தோன்றும். எந்த விதியை எடுப்பது, எதை விடுவது என்னும் கடினமான தீர்மானங்களை அவர் முன்னமே செய்து முடித்திருப்பார். பிள்ளை பார்க்கிறது சமைத்து வைத்த உணவை; அடுப்பு மூட்டின பாடு அதற்குத் தெரிகிறதில்லை.

இதை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்தார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில், தொடக்க இயற்பியல் மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தினார்கள். ஒரு பிரிவார் தேர்ந்த ஆசிரியரின் விரிவுரையைக் கேட்டார்கள். மற்றப் பிரிவார் சிறு குழுக்களாகக் கூடித் தாங்களே கணக்குகளோடு போராடினார்கள். பின்பு சோதனை வைத்தபோது, போராடினவர்களே அதிகமாய்க் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றீர்கள்?" என்று கேட்டதற்கு, விரிவுரை கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள்! உழைத்தவர்களோ குறைவாகக் கற்றதாக எண்ணினார்கள்.

இதைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சுலபமாக இருந்தால் கற்றுவிட்டோம் என்றும், திணறினால் கற்கவில்லை என்றும் மனது நம்மை ஏமாற்றுகிறது. திணறுகிற வேளையில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

லாரியும் காரும்

அதே ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். அவர் வகுப்பு மாணவர்கள் தேர்வுகளில் கடினமான கணக்குகளையெல்லாம் போட்டுவிடுவார்கள். 1990-ஐ ஒட்டிய நாட்களில் அவர், எண்களே இல்லாத சில எளிய கேள்விகளை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்படிப்பட்ட கேள்விகளில் ஒன்று: கனமான லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால், எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும்?

லாரிதான் என்று நம் மனது சொல்லும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டு விசைகளும் சமம். லாரியின் நிறை 10,000 கிலோ, காரின் நிறை 1,000 கிலோ என்றால், அதே விசை காருக்குப் பத்து மடங்கு முடுக்கத்தைக் கொடுக்கும். அதனால்தான் கார் நொறுங்கிப்போகிறது. விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களில் அநேகர் இத்தகைய கேள்விகளில் தடுமாறினார்கள். நீங்கள் போதித்தபடி எழுதவேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுதவேண்டுமா என்று ஒரு மாணவர் அவரிடம் கேட்டாராம். அதன்பின் மாசூர் தம்முடைய முறையையே மாற்றினார். கொஞ்சம் விளக்கம், பின்பு ஒரு கேள்வி. மாணவர்கள் முதலில் தனியாக விடை தெரிந்தெடுத்து, பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடவேண்டும் என்று ஏற்படுத்தினார்.

நம் பிள்ளைகளுக்கும் இரண்டு மனது உண்டு: தேர்வுக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று. இவ்விரண்டும் மோதி ஒன்றாகிற இடம் பயிற்சிக் கணக்கு.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்

ஒருவர் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். பிரேக் பிடித்தால் 10 மீட்டரில் வண்டி நிற்கிறது. அதே சாலையில், அதே பிரேக்கோடு, 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எத்தனை மீட்டரில் நிற்கும்?

வேகம் இரண்டு மடங்கு. ஆகையால் 20 மீட்டர் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். இப்போது தாளை எடுங்கள். 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். 72 என்பது நொடிக்கு 20 மீட்டர். நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுப்பது. முதலாவதில் 100-ஐ எதனால் வகுத்தால் 10 வரும்? 10-ஆல். ஆகவே பிரேக் தரும் எதிர்முடுக்கம் 5. இரண்டாவதில் 400-ஐ அதே 10-ஆல் வகுத்தால் 40 மீட்டர். இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு!

அந்தச் சூத்திரத்தை வீடியோவில் ஐந்து முறை கேட்ட பிள்ளையும் 20 என்று சொல்லக்கூடும். தன் கையால் ஒரு முறை 40 என்று கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது. மழைநாளில் வண்டி ஓட்டும்போதும் அது ஞாபகத்துக்கு வரும்.

எப்படிப் படிக்கவேண்டும்?

வாலிபப் பிள்ளைகளே, இந்த ஐந்து காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1. வீடியோவைத் துண்டு துண்டாகப் பாருங்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைப் பார்க்காமல் நான்கு வரியில் எழுதுங்கள். எழுத வராத இடமே மறுபடி பார்க்கவேண்டிய இடம்.

2. திரையில் ஆசிரியர் ஒரு கணக்கை வாசித்தவுடன் நிறுத்திவிடுங்கள். அவர் போடுமுன் நீங்கள் போடுங்கள். தவறாகப் போனாலும் பரவாயில்லை. அதற்குப்பின் அவர் போடுவதைப் பார்க்கும் கண் வேறாயிருக்கும்.

3. கணக்குக்கு ஒழுங்கு உண்டு. ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் 1945-ல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைச் சொன்னார்: கேள்வியை விளங்கிக்கொள்வது, வழியைத் திட்டமிடுவது, செய்துமுடிப்பது, திரும்பிப் பார்ப்பது. இயற்பியலில் முதல் படிக்குப் படம் வரையவேண்டும். விசைகளை அம்புக்குறியால் காட்டவேண்டும். எண்களைக் கடைசியில் போடுங்கள். விடை வந்தபின் அலகு சரியா, அளவு நம்பத்தக்கதா என்று பாருங்கள். நடக்கிற மனிதனின் வேகம் நொடிக்கு 300 மீட்டர் என்று வந்தால், எங்கோ பிசகு இருக்கிறது.

4. வராத கணக்குக்கு உடனே விடையைத் திருப்பிப் பார்க்காதிருங்கள். இருபது நிமிடமாவது முயலுங்கள். பின்பும் வராவிட்டால் விடையில் ஒரு வரி மாத்திரம் பார்த்துவிட்டு மூடுங்கள். விடையைப் பார்த்துப் போட்ட கணக்கை மறுநாள் பார்க்காமல் போடுங்கள். அப்போதுதான் அது உங்களுடையது.

5. தவறுகளுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கணக்கு, எங்கே பிசகினது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. தேர்வுக்கு முந்தின வாரத்தில் இதைவிட நல்ல புத்தகம் வேறில்லை.

நேரத்தையும் அளந்து செலவிடுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால், இரண்டு மணி நேரம் தாளும் பேனாவும் கையிலிருக்கட்டும். கணக்குப் போடும் நேரத்தில் செல்போன் அடுத்த மூலையில் இருக்கட்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது, நான் என்ன செய்ய முடியும்?" என்று தாய்மார் கேட்கிறதுண்டு. அம்மா, உங்களால் முடியும். "எத்தனை வீடியோ பார்த்தாய்?" என்று கேட்காமல், "இன்று எந்தக் கணக்கு வரவில்லை?" என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து பாருங்கள். அடித்துத் திருத்தினதும் படம் வரைந்ததுமான பக்கங்கள் இருந்தால் பிள்ளை உழைக்கிறது. "நீ படித்ததை எனக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதின்மேல் விசை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லை என்று பிள்ளை சொன்னால், "அப்படியானால் அது ஏன் கீழே வருகிறது? அங்கேயே நிற்கலாமே!" என்று நீங்களே கேட்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்த தகப்பன்மாருக்கு இன்னொரு வழியுண்டு. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தோடு அதைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். முடுக்கம், உந்தம், உராய்வு என்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் வந்தால் பிள்ளைக்குப் பயம் விலகும்.

அன்றியும், வீட்டில் ஒரே செல்போன் இருக்கும்போது, அது மகனுக்கும் சமையலறை மகளுக்கும் என்று பிரித்துவிடாதிருங்கள். இருவருக்கும் நேரத்தைச் சமமாகக் குறித்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு சிறந்த விரிவுரையானாலும், உங்கள் பிள்ளை எழுதின வரியைப் பார்த்து, "இங்கேதான் பிசகினாய்" என்று அது சொல்லாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். பள்ளி ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படாதபடி பிள்ளைகளைப் பழக்குங்கள். நம் சபைகளில் பொறியியலும் அறிவியலும் படிக்கிற வாலிபர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், நான்கைந்து பிள்ளைகள், ஒரு கரும்பலகை. பிள்ளைகள் போட்டுக் கொண்டுவந்த கணக்குகளை மாத்திரம் அங்கே பார்க்கவேண்டும். புதிய பாடம் நடத்தவேண்டாம், பாடத்துக்கு வீடியோ இருக்கிறது. ஒரு பிள்ளை பலகையில் போட, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். மூத்தவர் கடைசியில் பேசினால் போதும்.

"எனக்கு இயற்பியல் வராது" என்று உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தால், அதைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளாதிருங்கள். இந்த மாதம் நாளொன்றுக்கு மூன்று கணக்குகள் தன் கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் திணறும், திணறட்டும். மாத முடிவில் அந்த நோட்டை நீங்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.