பதினான்கில் ஒரு ரன் குறைவு

மேட்ச் ஃபிக்ஸிங்குக்குத் தமிழில் இன்னும் உருப்படியான சொல் அமையவில்லை. 'சூதாட்டப் புகார்' என்று எழுதுகிறோம். அது பந்தயம் கட்டியவனைச் சொல்கிறது. ஆட்டத்தை விற்றவனைச் சொல்வதில்லை. மலையாளிகள் இதில் முந்திக்கொண்டார்கள். 'ஒத்துகளி' என்கிறார்கள். மோத வேண்டியவர்கள் ஒத்துப்போய் ஆடும் களி. பந்தயம் கட்டுவதற்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு: வாதுவெப்பு. குற்றம் இரண்டு, சொல்லும் இரண்டு.

கொச்சியில் தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் இருக்கும் சுள்ளிக்கல் போன்ற பேட்டைகளில் 2013 மே மாதம் அந்தச் சொல் படாதபாடு பட்டது. அந்த மாதம் 16ஆம் தேதி, எர்ணாகுளம் மாவட்டத்துப் பிள்ளையான கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் மும்பையில் டெல்லி போலீசாரால் கைது செய்யப்பட்டார். 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மிஸ்பா உல் ஹக் தூக்கி அடித்த பந்தைப் பிடித்துக் கோப்பையை உறுதிசெய்த அதே கை, இப்போது பணம் வாங்கியது என்றார்கள்.

அவர் வாங்கினாரா, இல்லையா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கைது, குற்றப்பத்திரிகை, விடுவிப்பு, வாழ்நாள் தடை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிய பிறகும் அந்தக் கேள்விக்கு இரு தரப்பும் ஏற்கும் பதில் கிடைக்கவில்லை. குற்றத்தைவிடப் பெரிய கேடு இதுதான்.

உலகத்தில் இப்படிப் பதிலில்லாத கேள்விகளோடு அதிக காலம் குடும்பம் நடத்திய விளையாட்டு தொழில்முறைக் குத்துச்சண்டை. அதிலும் குறிப்பாக ஹெவிவெயிட் பிரிவு. அங்கே பணம் பெரிது, வளையத்தில் நிற்பது இரண்டே பேர். பதினொரு பேரைச் சரிக்கட்ட வேண்டியதில்லை. ஒருவர் விழுந்தால் போதும். விழுந்தவர் அடி பட்டு விழுந்தாரா, கணக்குப் போட்டு விழுந்தாரா என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சத்தியம் செய்ய முடியாது.

1965 மே 25. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சிற்றூர். முகமது அலியும் சானி லிஸ்டனும் இரண்டாம் முறையாக மோதினார்கள். உலகப் பட்டத்துக்கான சண்டைக்கு வந்தவர்கள் வெறும் 2,434 பேர். அவர்களில் பலர் இருக்கையில் சரியாக உட்காரும் முன்பே முதல் சுற்றில் லிஸ்டன் விழுந்துவிட்டார். அலியின் வலக்கைக் குத்து ஒன்று பட்டது என்றார்கள். படவே இல்லை என்றும் சொன்னார்கள். அலி ஒதுங்கி நிற்க வேண்டிய மூலைக்குப் போகாமல் விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்று எழுந்திரு என்று கத்தினார். நடுவராக இருந்தவர் ஜெர்சி ஜோ வால்காட், தாமே முன்னாள் சாம்பியன். அலியைத் தள்ளிக்கொண்டு போவதா, எண்ணுவதா என்று தெரியாமல் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். லிஸ்டன் எழுந்து மறுபடி சண்டையும் தொடங்கிவிட்டது. அப்போது வளையத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர், லிஸ்டன் பத்து வினாடிக்கு மேல் கிடந்துவிட்டார் என்று கூவ, வால்காட் ஓடிவந்து சண்டையை நிறுத்தினார். ஒரு பத்திரிகைக்காரர் சொல்லித்தான் உலகப் பட்டத்தின் முடிவு உறுதியானது!

அந்தக் குத்துக்கு 'மாயக் குத்து' என்று பெயர் வந்தது. லிஸ்டனைச் சுற்றி மாஃபியா ஆட்கள் இருந்தது ஊரறிந்த சங்கதி. ஓராண்டுக்கு முன் மயாமியில் நடந்த முதல் மோதலிலும் பந்தயச் சந்தை முழுக்க அவர் பக்கம் நின்றிருக்க, தோள்வலி என்று சொல்லி ஏழாம் சுற்றுக்கு எழுந்து வராமல் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டவர் அவர். அந்த முதல் சண்டையைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கும் சந்தேகம் இருந்தது 2014இல் வெளிவந்த கோப்புகளில் தெரிந்தது. சந்தேகம் இருந்தது, சான்று இல்லை. 1971 ஜனவரியில் லிஸ்டன் லாஸ் வேகாஸ் வீட்டில் பிணமாகக் கிடந்தார். வாயைத் திறக்காமலே போய்விட்டார்.

வாயைத் திறந்தவர் ஒருவர் உண்டு, ஹெவிவெயிட் அல்ல. மிடில்வெயிட் வீரர் ஜேக் லமோட்டா, 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாக 1960இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். காரணமும் சொன்னார்: பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு மாஃபியாவின் கையில் இருந்தது, தோற்றுக் காட்டினால்தான் அந்த வாய்ப்பு வரும். அப்படியே 1949இல் வந்தது, பட்டத்தையும் வென்றார். நேர்மையாகச் சண்டை போட அனுமதி வாங்குவதற்கு ஒரு சண்டையை விற்க வேண்டியிருந்தது.

பிறகு உத்தி மாறியது. வீரரை விழச்சொல்வானேன், மதிப்பெண் போடும் கையைப் பார்த்தால் போதுமே? 1999 மார்ச்சில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் லெனாக்ஸ் லூயிஸ், எவாண்டர் ஹோலிஃபீல்டைப் பன்னிரண்டு சுற்றும் துவைத்தெடுத்தார். குத்துகளை எண்ணியவர்கள் லூயிஸுக்கு 348, ஹோலிஃபீல்டுக்கு 130 என்று கணக்குக் காட்டினார்கள். முடிவு: டிரா. ஒரு நடுவர் ஹோலிஃபீல்டே ஜெயித்ததாக எழுதியிருந்தார். விசாரணைகள் நடந்தன, அந்த டிரா விலைக்கு வாங்கப்பட்டது என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அதே ஆண்டு இறுதியில், ஐ.பி.எஃப். என்ற சங்கத்தின் தலைவர் பாப் லீ, வீரர்களின் தரவரிசையை உயர்த்த லஞ்சம் வாங்கிய புகாரில் சிக்கினார். அந்த வழக்கில் சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகிச் சிறைக்கும் போனார். அதாவது அங்கே சண்டை தொடங்குவதற்கு முன்பே, யார் யாரோடு மோதுவது என்பதே விற்பனைக்கு வந்திருந்தது.

சென்னைக்காரர்களுக்கு அலியை நேரில் பார்த்த நினைவு உண்டு. 1980இல் நேரு ஸ்டேடியத்தில் அவர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். வந்திருந்தார், கூட்டம் அலைமோதியது. எல்லிஸும் ஒரு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்தான். அலியின் பால்ய சிநேகிதர். அன்று யாரும் யாரையும் நிஜமாக வீழ்த்தப் போவதில்லை என்று டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. காட்சிச் சண்டைக்கும் ஒத்துகளிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே: முன்னதில் சுவரொட்டியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கொச்சிக்குத் திரும்புவோம். போலீஸ் சொன்ன கதை இது. மே 9ஆம் தேதி மொகாலியில் பஞ்சாபுக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டத்தில், தனது இரண்டாவது ஓவரில் ஸ்ரீசாந்த் 14 ரன்னாவது கொடுக்க வேண்டும். பேச்சு 40 லட்சம் ரூபாய். இடுப்பில் துண்டைச் செருகிக்கொள்வது புக்கிகளுக்கான சைகை. துண்டு செருகியிருந்தது, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அந்த ஓவரில் போனது 13 ரன். அந்த ஒரு ரன் குறைவை அவர் தரப்பு விடாமல் பிடித்துக்கொண்டது. பேசியபடி நடக்கவில்லையே, பிறகு எப்படிப் பேசினேன் என்பீர்கள்? துண்டு செருகுவது பந்துவீச்சாளருக்குப் புதிதா? வாக்குமூலம் அடித்து வாங்கியது என்றும் சொன்னார்.

டெல்லி போலீஸ் வழக்குப் போட்ட சட்டம்தான் விசித்திரம்: மகாராஷ்டிர அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டம், மக்கள் வாயில் மோக்கா. நிழலுலக தாதாக்களுக்காக எழுதியது. ஒரு ஓவருக்காக அதை எடுத்தது ஏன் என்றால், பொருத்தமான வேறு சட்டம் கையில் இல்லை. கொசு அடிக்கப் பீரங்கியை இழுத்து வந்தார்கள்; குறி தப்பியது. 2015 ஜூலை 25ஆம் தேதி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஸ்ரீசாந்த் உள்பட 36 பேரையும் வழக்கிலிருந்து விடுவித்தது.

அதற்குப் பதினோரு நாள் முன்புதான், அதே ஐ.பி.எல். விவகாரத்தில், சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தான் ராயல்ஸையும் நீதிபதி லோதா குழு இரண்டாண்டு வெளியே உட்காரவைத்தது. சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பனின் பெயர் அப்போது பந்தயப் புகாரில் அடிபட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் தடை முடிந்து 2018இல் திரும்பி வந்த சென்னை அணி அந்த ஆண்டே கோப்பையைத் தூக்கியது; ரசிகர்கள் விசிலடித்து வரவேற்றார்கள். நிறுவனத்துக்குத் திரும்பிவர முடிகிறது. முப்பது வயதில் தடைபட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு அது முடியாது.

கிரிக்கெட் வாரியம் 2013 செப்டம்பரில் போட்ட வாழ்நாள் தடை, நீதிமன்றம் விடுவித்த பிறகும் விலகவில்லை. 2017 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மறுபடி போட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு வேறு, வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று பிரித்து, குற்றம் செய்தார் என்ற வாரியத்தின் முடிவில் கைவைக்காமல், தண்டனையை மட்டும் மறுபடி யோசிக்கச் சொன்னது. தடை ஏழாண்டாகச் சுருங்கி 2020 செப்டம்பரில் முடிந்தது. 2021 ஜனவரியில் கேரளத்துக்காக வான்கடே மைதானத்தில் புதுச்சேரிக்கு எதிராகப் பந்து போட வந்தபோது அவருக்கு வயது 37.

ஆக, போலீஸ் பிடித்தது, நீதிமன்றம் விட்டது, வாரியம் தண்டித்தது. அவரை நம்புகிறவர்கள் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, நம்பாதவர்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. லிஸ்டன் விஷயத்தில் சாட்சி இல்லை, சரி. இங்கே ஆளும் இருக்கிறார், ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சும் வீடியோவும் இருக்கின்றன. இல்லாதது, இன்னது செய்தால் குற்றம் என்று சொல்லும் சட்டம்.

இந்த ஓட்டையைப் பச்சையாகக் காட்டியது 2022 ஜனவரியில் வந்த கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கு அது. ஆட்டத்தை விற்பது மோசடிக்கான 420ஆம் பிரிவில் வராது என்றார் நீதிபதி. ரசிகர்களுக்கு ஏமாந்த உணர்வு வரலாம். ஆனால் டிக்கெட்டை அவர்கள் தாமே விரும்பித்தான் வாங்கினார்கள், யாரும் வாங்கச் சொல்லி ஏய்க்கவில்லை. காசு கொடுத்து உள்ளே போனவனுக்கு இதைவிட வேடிக்கையான ஆறுதல் இருக்க முடியாது. நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டத்தில் இருப்பதைத்தானே அவர் படிக்க முடியும். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நடுவில் இந்திய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் அனுமதியில்லாத பந்தயமும் சூதாட்டமும் பெயர் சொல்லி இருக்கின்றன. ஒத்துகளி இல்லை.

விளையாட்டு மோசடித் தடுப்பு மசோதா என்று ஒன்றை 2013இலேயே மத்திய அரசு வரைந்தது, வரைவாகவே நின்றது. 2018 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 276ஆவது அறிக்கையில் மேட்ச் ஃபிக்ஸிங்கைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. அந்த ஆண்டே சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கொச்சிக்கு ஒரு ஐ.பி.எல். அணி வந்த விவகாரத்தில் அமைச்சர் பதவியையே இழந்தவர் என்பதால் அந்த மசோதாவைப் படிக்க ஒரு தனிச் சுவை உண்டு. அதுவும் சட்டமாகவில்லை.

பக்கத்து இலங்கை காத்திருக்கவில்லை. 2019 நவம்பரில் தனிச் சட்டமே நிறைவேற்றியது. தெற்காசியாவில் அதுதான் முதல். பத்தாண்டு வரை சிறை, பத்துக் கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம். 2023இல் அந்நாட்டின் முன்னாள் சர்வதேச வீரர் ஒருவரே அந்தச் சட்டத்தில் கைதானார். 2024 டிசம்பரில் அங்கே நடந்த ஒரு பத்து ஓவர் போட்டித் தொடரில், அணி உரிமையாளரான இந்தியர் ஒருவரைப் பிடித்தார்கள். குற்றச்சாட்டு உண்மையா என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அதே இந்தியரை அதே புகாரில் சென்னையிலோ கொச்சியிலோ பிடித்திருந்தால், போலீசார் முதலில் எந்தப் பிரிவைப் போடுவது என்று தேடியிருப்பார்கள்.

இப்படி ஒரு சட்டம் வந்தால் போலீஸ் கையில் இன்னொரு தடியைக் கொடுத்ததாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. மோக்காவை எடுத்து வந்தவர்கள் இதை எப்படிச் சுழற்றுவார்கள் என்று கேட்கலாம். ஆனால் தெளிவான சட்டம் வீரனுக்கும் கவசம். இன்ன செயல், இன்ன சான்று, இவ்வளவு காலத்துக்குள் விசாரணை என்று எழுதிவைத்தால், குற்றமற்றவன் ஏழாண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்காது. குற்றவாளியும் நீதிமன்றம் விட்டுவிட்டதே என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது. தீர்ப்புச் சொல்லும் வேலையை வாரியத்திடமே விட்டுவைப்பதும் தப்பு. ஆட்டத்தால் சம்பாதிப்பதும் அதே வாரியம்தான்.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விளையாட்டு அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33ஆம் இனம். பந்தயமும் சூதாட்டமும் 34ஆம் இனம். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பியபோது, தமிழ்நாடு சட்டமன்றம் 2023 மார்ச்சில் அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பி, ஏப்ரலில் ஒப்புதலும் வாங்கியது. பந்தயம் கட்டுகிறவனுக்காக அவ்வளவு முனைப்புக் காட்டிய அவை, ஆட்டத்தை விற்கிறவனுக்காகவும் ஒரு மசோதா கொண்டுவரலாம். ஒத்துகளி என்ற சொல்லைத் தந்த கேரளமும் தன் சட்டமன்றத்தில் அதையே செய்யலாம். இரண்டில் எந்த அவை முந்தினாலும் சரி, வரும் கூட்டத்தொடரிலேயே தொடங்கட்டும்.