டீச்சர் ஆக எத்தனை முறை விலை கொடுக்கணும்? பி.எட் படிப்பைச் சந்தையிடம் விட்ட கதை

நெமிலிச்சேரியில் இருக்கும் ஒரு பெண் அரசுக் கல்லூரியில் பி.எட் படிக்க ஆசைப்பட்டால், மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயில் மாறி சைதாப்பேட்டையில் இறங்கணும். இல்லையென்றால் காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன். அதுவும் சீட் கிடைத்தால்தான். தமிழ்நாடு முழுக்கவே அரசு பி.எட் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. கவுன்சலிங்கில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 2,000 இடங்கள். மற்றபடி நூற்றுக்கணக்கில் இருப்பவை சுயநிதிக் கல்லூரிகள். அவற்றுக்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், ஃபீஸ் கட்டினால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பொருளாதார யோசனை இருக்கிறது. 1955-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். கல்விக்கு அரசு காசு கொடுக்கட்டும், பள்ளியை அதுவே நடத்தத் தேவையில்லை என்பது அவர் வாதம். தனியார் நடத்தட்டும், ஹோட்டலில் சுத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர் மாதிரி அரசு குறைந்தபட்சத் தரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

இந்தியாவில் அந்த இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்ததுதான் 1993 சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். ஆனால் ஃப்ரீட்மன் சொன்னதில் பாதிதான் இங்கே நடந்தது. நடத்துவது தனியார் கைக்குப் போனது, காசு பெரும்பாலும் மாணவர் கையிலிருந்தே போகிறது. இன்ஸ்பெக்ஷன் எந்த லட்சணத்தில் நடந்தது என்பதை 2012-ல் நீதிபதி வர்மா கமிஷன் அறிக்கை விரிவாகவே சொன்னது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் அரசு சாராதவை என்று கணக்கு சொன்ன அந்த கமிஷன், இதில் அரசு முதலீட்டைக் கூட்டணும் என்றும் பரிந்துரைத்தது.

பி.எட் படிப்பை நீட்டச் சொன்ன பரிந்துரை நடைமுறைக்கு வந்தது. 2015-லிருந்து இரண்டு வருஷம் ஆனது, ஃபீஸும் இரண்டு வருஷத்துக்கு. முதலீட்டைக் கூட்டச் சொன்னதைப் பொறுத்தவரை, இங்கே அரசுக் கல்லூரி இன்றைக்கும் ஏழுதான்.

டெட் எதைச் சோதிக்கிறது?

வர்மா அறிக்கை வந்த அதே 2012-ல்தான் தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், நடந்தது. ஜூலையில் எழுதியவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். பாஸ் ஆனவர்கள் 2,448. ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற புகார் நியாயமானதுதான். அக்டோபர் மறுதேர்வில் நேரத்தை மூன்று மணி நேரமாக்கியதும் பாஸ் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் லட்சக்கணக்கில் ஃபெயில். 'நம்ம டீச்சருங்களுக்கு ஒண்ணும் தெரியல' என்று ஊரே பேசியது. அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த கல்லூரிகளைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கிச்சனைச் சோதிக்காமல், சாப்பிட்டு வெளியே வந்தவர் வயிற்றைச் சோதித்த கதை.

அதோடும் முடியவில்லை. டெட் பாஸ் ஆனவர்கள் வேலைக்காக இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தது. 2013-ல் பாஸ் ஆகிக் காத்திருந்தவர்களும் இதில் மாட்டினார்கள். பி.எட் ஃபீஸ், டெட் கோச்சிங், திரும்பப் போட்டித் தேர்வுக்குக் கோச்சிங் என்று மூன்று முறை செலவு. இதில் கோச்சிங் சென்டர்களுக்கு மட்டும் எந்த நஷ்டமும் இல்லை.

இவ்வளவையும் தாண்டினால் என்ன வேலை? 2022-ல் அரசுப் பள்ளிக் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. அதில் அறிவித்த மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பட்டம் வாங்கி, அதற்கு மேல் பி.எட் முடித்தவருக்கு 10,000 ரூபாய்! ஆள் நிறைய இருக்கும்போது கூலி இறங்கும் என்பது சந்தைக் கணக்கு. அந்தக் கூட்டத்தை உருவாக்கியதே கேட்டவர்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்த கொள்கைதான்.

தனியார் கல்லூரியே தப்பு என்று சொல்லிவிட முடியாது. திருவள்ளூர் பக்கத்திலோ பூந்தமல்லி பக்கத்திலோ வீட்டுக்குக் கிட்டத்தில் ஒரு கல்லூரி இருந்ததால்தான் எத்தனையோ பெண்கள் குடும்பத்தின் முதல் டீச்சர் ஆனார்கள். அந்த வாய்ப்பை அரசு தரவில்லை. கோளாறு, கற்றுத்தரும் பொறுப்பை விட்டுவிட்டு வடிகட்டும் பொறுப்பை மட்டும் அரசு வைத்துக்கொண்டதில்தான்.

வடிகட்டி இப்போது இன்னும் பெரிதாகியிருக்கிறது. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் பாஸ் ஆகணும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகள் விஷயம் மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இருபது வருஷம் வகுப்பெடுத்தவர் கொஸ்டின் பேங்க் புரட்ட வேண்டிய நிலை.

உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்ஜினீயரிங்கில் அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. டெட் ரிசல்ட்டையும் பி.எட் கல்லூரிவாரியாக வெளியிடலாம். இதுவும் சந்தை யோசனைதான், ஆனால் இந்த முறை கேள்வி கல்லூரியை நோக்கிப் போகும். கூடவே எட்டாவது அரசு பி.எட் கல்லூரிக்கு இடம் தேடுவதென்றால், ஆவடி பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.