படநூல் இல்லாப் பாலர்

திருகோணமலைக் குழந்தைக்குக் கதைப் பஞ்சமா? கோணேசர் மலையிலே இராவணன் வெட்டு உண்டு. கன்னியாவிலே, அவன் தாயின் ஈமக்கடனுக்கென எழுந்தவை என்பர், ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. ஆயினும் இவற்றை வண்ணப் படநூலாகக் கையிலேந்தும் பாலர் எத்தனை பேர்?

ஊர்ப் பொருளே குழந்தைக் கற்பனைக்கு வித்து என்பதைக் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடிக் காட்டினார் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். அவ்வழி படத்திலும் தொடர வேண்டாமா?

2004இல் ஆழிப்பேரலையும் 2006இல் போரும் இலங்கைத்துறை மக்களை இடம்பெயரச் செய்தன. அன்று கதை சொன்ன முதியோர் இன்று ஒவ்வொருவராய் மறைகின்றனர். எழுதாத கதை அவர்களோடு மறையும்.

கல்வித் திணைக்களமும் பிரதேச சபைகளும் இனியும் வாளாவிருத்தல் தகாது. ஊராசிரியர் எழுதட்டும், ஊரோவியர் தீட்டட்டும், பாலர் பாடசாலைதோறும் படநூல் அடுக்கு ஒன்று அமையட்டும்!