குற்றம் ஒருவருடையது, மௌனம் யாருடையது?



ரேஷன் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லி, தாராவியில் நம் வட்டாரத்துத் தாய் ஒருவரிடம் 500 ரூபாய் பெற்றிருக்கிறார் நம் சங்க நிர்வாகி ஒருவர். ரசீது தரவில்லை, கார்டும் வரவில்லை. வாங்கியதை அவரே மறுக்கவில்லை. அந்தத் தாய் அவர் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. "சங்கத்துக்காரங்க ஏமாத்திட்டாங்க" என்றுதான் குழாயடியில் சொன்னார். அடுத்த நாளே சந்து முழுவதும் அதே பேச்சு.

"ஒருவர் தவறுக்குச் சங்கத்தையே பழிப்பதா?" என்று நம்மில் சிலர் கொதிக்கிறார்கள். பழைய வரலாற்றையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

அந்த வரலாறு நமக்கும் தெரியும். 1960களில் அன்றைய பம்பாயில், அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை 'மார்மிக்' வார இதழ் பட்டியல் போட்டது. 1966-இல் சிவசேனா தோன்றியது. 'மதராசி' என்றும் 'லுங்கி' என்றும் நம்மை ஏசினார்கள். பிறகு, வரதராஜன் முதலியாரின் சாராயமும் கடத்தலும் தாராவித் தமிழர் அத்தனை பேர் தலையிலும் ஏற்றப்பட்டன. தோல் பதனிட்டவரும் இட்லி விற்றவரும் ரௌடிப் பட்டம் சுமந்தார்கள். அது அநியாயம். இன்றும் அநியாயம் என்றே சொல்வோம்.

ஆனால் அதே நியாயத்தைச் சங்கத்துக்குக் கேட்க முடியுமா? முடியாது! தமிழராக நாம் பிறந்தோம். மனுப் போட்டுச் சேரவில்லை. இனத்திலிருந்து ஒருவரை நீக்கவும் முடியாது. எனவே ஒரு தமிழன் திருடினால் இன்னொரு தமிழன் பொறுப்பாக மாட்டான். சங்கம் அப்படியா? சந்தா கட்டிச் சேர்கிறோம். கை தூக்கி நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கிறோம். நீக்கும் அதிகாரமும் நம் கையில்தான் இருக்கிறது. இருந்தும் வாய்மூடிக் கிடந்தால், அந்த 500 ரூபாயில் நமக்கும் பங்கு உண்டு என்றுதானே ஊர் நினைக்கும்?

"வெளியே தெரிந்தால் எதிரி சிரிப்பான்" என்கிறார்கள். குழாயடிக்கே தெரிந்ததை இனி யாரிடம் மறைப்பது?

அண்ணா சொன்ன கடமை, கண்ணியம், கட்டுப்பாட்டை மேடையில் முழங்கினால் போதுமா? அந்தத் தாய் நம் கொள்கை அறிக்கையைப் படித்ததில்லை. அவருக்குச் சங்கம் என்பது வாசலில் வந்து நின்ற அந்த ஓர் ஆள்தான். அவர் தீர்ப்பில் தவறில்லை.

ஆகவே, நாம் கேட்பது மூன்று. முதலில், பணம் உடனே அவர் கைக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது, அந்த நிர்வாகி பொதுக்குழுவில் பதில் சொல்ல வேண்டும். பதவியிலிருந்து விலக வேண்டும். மூன்றாவது, இனி ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வரவு செலவு மாதந்தோறும் சங்க வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

இதைச் செய்துவிட்டு அந்தத் தாயின் வீட்டுப் படியேறுவோம். அதுவரை, 'எங்கள் சங்கம்' என்று மார்தட்ட நமக்கு உரிமை இல்லை!