பஞ்சுக்கும் உணர்வு உண்டோ?

கடற்பஞ்சு என்றதும் கல்வாரியில் காடியில் தோய்த்து நீட்டப்பெற்ற பஞ்சே நம் நினைவுக்கு வரும். இங்கு நாம் கூறப்புகுவதோ மெத்தையிலும் நாற்காலியிலும் காணும் செயற்கைப் பஞ்சைப் பற்றி. இயல்பாக அதில் மின்சாரம் பாயாது. நுண்ணிய கரித்தூள் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினால், அதன் கண்ணறைகளின் சுவரெங்கும் கரி படிந்து சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். அழுத்தும்போது கண்ணறைகள் நசுங்கிக் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொடுவதால் மின்தடை குறைகிறது. கையை எடுத்தால் பஞ்சு உப்பி, தடை மீண்டும் ஏறுகிறது. இம்மாற்றத்தை அளந்தே விரல் மடங்குவதையும் பாதம் ஊன்றுவதையும் அறிகின்றனர்.

இதனால் யாருக்குப் பயன்? நீரிழிவினாலோ தொழுநோயினாலோ பாதம் மரத்துப்போனவர்களுக்கு. முள் தைத்தாலும் அவர்கள் அறியார். ஒரே இடத்தை ஊன்றி ஊன்றி நடந்து புண்ணாக்கிக்கொள்வர்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்கு வலி உணராமையே பெருங்காரணம் எனக் கண்டார். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். (1896 முதல் அங்கே புனித வின்சென்ட் தே பவுலின் துறவியர் தொண்டாற்றி வந்தனர்.) அங்கு அவர் கையுறையிலும் காலணியிலும் அழுத்தம் அறியும் கருவிகளைப் பொருத்திச் செயற்கை வலியையே உண்டாக்க முயன்றார். அவை கரிப்பஞ்சினால் ஆனவையல்ல; நோக்கம் ஒன்றே. அளவு மீறினால் எச்சரிக்கை எழும். பின்னர் மின்னதிர்ச்சியும் தந்து பார்த்தனர். நடந்தது என்ன? கடினமான வேலை வந்தபோது நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மறுபடி முடுக்கிக்கொண்டனர்! பல்லாண்டு உழைத்தபின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

கரிப்பஞ்சு மலிவானது, மென்மையானது, காலணிக்குள் உறுத்தாது. ஆனால் நெடுநேரம் நசுங்கினால் சோர்ந்துவிடும். வியர்வையின் ஈரமும் கணக்கை மாற்றும். இக்குறைகளை ஆய்வாளர் நீக்கக்கூடும். சொன்னதைக் கேட்க வைப்பதுதான் பஞ்சினால் ஆகாத காரியம் என்பது நம் கருத்து.

வீட்டில் நீரிழிவுள்ள முதியோர் இருப்பின், இரவு செபமாலை முடிந்ததும் அவர்களுடைய உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு எதுவாயினும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். குனிந்து பார்க்க அவர்களால் இயலாது. காலையில் செருப்பையும் உதறிப் பார்த்தே கொடுங்கள்.